முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார்? நாடுகளின் ஒன்றியம் போட்ட விதியை நூல் பிடித்துப் பார்க்கும் முறை

நிபோங் திபாலில் என் அத்தானுக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம், பழம் வாங்கும் டீலர் கொடுத்தனுப்பிய பாரம் (படிவம்) ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நிலம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அதில் எழுத வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அந்த நிலத்தில் காடு அழிக்கப்படவில்லை என்று கையெழுத்தும் போட வேண்டும்.

"ஏம்மா, எங்கப்பா காலத்துல அது ரப்பர். நான் செம்பனை நட்டது 1998ல. இதுல காடு எங்கருந்து வந்துச்சு? ஐரோப்பாவுல சட்டம் போட்டுட்டாங்களாம். நான் அவங்களுக்கு ஓட்டுப் போட்டேனா, இல்ல அவங்க என்னைக் கேட்டாங்களா?"

அத்தானின் இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடை மாடியில், சனிக்கிழமைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். "ஐரோப்பிய ஒன்றியம் ஜனநாயகமா இல்லையா ஆன்ட்டி?" என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆம், இல்லை என்று நான் பதில் சொல்வதில்லை. அவர்களே சோதித்துப் பார்க்க ஒரு முறையைக் காட்டிக்கொடுப்பேன். 19 வருஷம் ஒரு சங்கக் கிளையின் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியதில் வந்த பழக்கம் அது.

அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் எங்கள் கிளை உறுப்பினர்களின் சந்தா திடீரென்று 24 வெள்ளியிலிருந்து 40 வெள்ளியானது. நாங்கள் இணைந்திருந்த தேசிய அமைப்பின் கடிதத்தில் "பேராளர் மாநாட்டின் ஏகமனதான தீர்மானப்படி" என்று இருந்தது. எங்கள் கிளைப் பேராளர்கள் இருவரும் அந்த மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள்தான். விசாரித்தால், அந்தத் தீர்மானம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை என்றார்கள். 'இதர விவகாரங்கள்' என்ற கடைசித் தலைப்பில், பாதிப் பேர் பஸ் ஏறப் போன பிறகு அதைக் கொண்டு வந்திருக்கிறார்கள். நீல அட்டை போட்ட மினிட் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முன்மொழிந்தவர் பெயர் இருந்தது. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது. பேராளர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள்தான், தேர்தலும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனாலும் எங்கள் கையிலிருந்து புறப்பட்ட நூல் அந்தக் கோட்டில் அறுந்து கிடந்தது. அன்றிலிருந்து, எவ்வளவு பெரிய சபை எடுத்த முடிவானாலும், நூல் எந்த இடத்தில் அறுந்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

ஒரே ஒரு விதியை எடுங்கள்

ஒன்றியம் முழுவதையும் மேசைமேல் வைத்தால் ஒன்றும் பிடிபடாது. உங்களையோ உங்களுக்குத் தெரிந்தவரையோ தொட்ட ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அத்தானின் பாரத்தை எடுத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துத் தேதி, இடம், கை என்று தலைப்புப் போடுங்கள். கை என்றால் அந்த நாளில் முடிவைத் தூக்கிப் பிடித்தவர் யார் என்பது.

இந்த விதிக்கு என் பக்கம் இப்படி நிறைந்தது. 2021 நவம்பர் 17ஆம் தேதி, ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையம் காடழிப்புத் தடுப்பு விதியின் வரைவை வெளியிட்டது. முன்மொழிந்த கை அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரைவைக் கொண்டுவரும் உரிமை அநேகமாக ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் தாமாக ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. 2022 டிசம்பர் 6ஆம் தேதி ஆணையம், நாடாளுமன்றம், அமைச்சர்கள் மன்றம் ஆகிய மூன்று தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தன. 2023 ஏப்ரல் 19ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவு 552, எதிர்ப்பு 44, நடுநிலை 43. மே 16ஆம் தேதி நாடுகளின் அமைச்சர்கள் அமர்ந்திருக்கும் மன்றமும் ஏற்றது. நடைமுறைக்கு வரும் நாள் முதலில் 2024 டிசம்பர் 30 என்று இருந்தது. அது ஓராண்டு தள்ளிப்போய், பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது.

அத்தானிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கோ ஓர் அதிகாரி ஒரே கையெழுத்தில் போட்ட உத்தரவு என்றே அவர் நினைத்திருந்தார். யாரையும் குறை சொல்வதற்கு முன் இந்தப் பக்கத்தை எழுதிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். கோபத்துக்குச் சரியான முகவரி வேண்டும்.

ஒவ்வொரு கைக்கும் எடை பாருங்கள்

யார் கை தூக்கினார்கள் என்று எழுதியாயிற்று. இனி அந்தக் கை எத்தனை பேருக்காக உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான விஷயங்களுக்கு இரண்டு கணக்கும் தேற வேண்டும். 27 நாடுகளில் குறைந்தது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காட்டினராவது இருக்க வேண்டும். சின்ன நாடுகள் கூடிப் பெரிய நாடுகளை அமுக்கவும் முடியாது, பெரிய நாடுகள் மட்டும் சேர்ந்து சின்னவற்றை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது.

நாடாளுமன்றத்தில் 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, மால்ட்டாவுக்கு 6. வகுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஓர் உறுப்பினருக்குப் பின்னால் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், மால்ட்டாவில் சுமார் 90 ஆயிரம் பேர். வகுப்பில் இதைச் சொன்னதும் "அநியாயம்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அப்போது நம் மலேசியக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். 2022 பொதுத்தேர்தலில் பாங்கித் தொகுதியில் வாக்காளர்கள் 3 லட்சத்துக்கும் மேல், இகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் கீழ். மக்களவையின் 222 இடங்களில் சபா, சரவாக்குக்கு மட்டும் 56. தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகச் சேரும்போது சின்னவர் கரைந்து போகாமலிருக்க இப்படிக் கூட்டிக் கொடுப்பது உண்டு. அந்த ஏற்பாட்டைச் சேரும்போதே வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்களா, யாருக்கும் சொல்லாமல் பிற்பாடு நுழைத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. ஐரோப்பாவில் அது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வாக்களிக்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் 1979இல் நடந்தது, 62 விழுக்காட்டினர் வந்தார்கள். 2014இல் அது 42.6 விழுக்காடாக இறங்கியது. 2024இல் பாதியைச் சற்றே தாண்டியது. அந்தச் சபையின் அதிகாரம் உடன்படிக்கைக்கு உடன்படிக்கை கூடிக்கொண்டே வந்த காலத்தில் வந்தவர் தொகை குறைந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

குறிப்பு எழுதாத அறையைத் தேடுங்கள்

என் முறையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். மேலே சொன்ன பக்கத்தில் 2022 டிசம்பர் 6 என்ற வரியைத் திரும்பப் பாருங்கள். நாடாளுமன்றம், அமைச்சர்கள் மன்றம், ஆணையம் ஆகிய மூன்றின் ஆட்களும் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் முத்தரப்புப் பேச்சு அது. பார்வையாளர் இருக்கை கிடையாது, நேரலையும் கிடையாது. பிறகு சபையில் நடக்கும் வாக்கெடுப்பு பெரும்பாலும் அந்த அறையில் முடிந்ததை அப்படியே ஏற்பதாகவே இருக்கும். நாடாளுமன்றத்தின் முன்னாள் அதிகாரி ஒருவர் அந்தப் பேச்சுகளில் கைமாறும், மூன்று தரப்பின் வாசகங்களையும் அருகருகே வைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளைக் கேட்டு வழக்குப் போட்டார். சட்டமியற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு, பொத்தாம்பொதுவாக மறுக்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 552 என்ற எண்ணைவிட இந்தத் தீர்ப்பையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதைவிட வலிக்கும் உதாரணம் கிரேக்கம். 2015 ஜூலை 5ஆம் தேதி, கடன் கொடுத்தவர்கள் வைத்த நிபந்தனைகளை ஏற்கலாமா என்று அந்த நாட்டு மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 61 விழுக்காட்டினர். எட்டே நாளில், யூரோ நாணய நாடுகளின் தலைவர்கள் 17 மணி நேரம் பேசி முடித்த காலையில், கிரேக்கப் பிரதமர் கடுமையான நிபந்தனைகளோடு புதிய கடனுக்கு ஒத்துக்கொண்டார். மக்கள் வாக்கைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று இதைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மேசையின் மறுபக்கத்தில் இருந்த 18 தலைவர்களும் தத்தம் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தானே, கொடுக்க வேண்டிய பணமும் அந்த மக்களின் வரிப்பணம்தானே. ஒரு நாட்டு மக்களின் வாக்கும் இன்னொரு நாட்டு மக்களின் வாக்கும் நேருக்கு நேர் மோதின. நான் குறை காண்பது வேறிடத்தில். அதற்கு முந்தைய மாதங்களில் வேலை நடந்தது நிதியமைச்சர்கள் கூடும் யூரோ குழுவில். உடன்படிக்கையின் வாசகப்படியே அது முறைசாராச் சந்திப்பு. கோடிக்கணக்கானவர்களின் ஓய்வூதியமும் வரியும் பேசப்பட்ட அறையில் யார் முன்மொழிந்தார், யார் மறுத்தார் என்று பொதுமக்கள் வாங்கிப் படிக்க ஒரு மினிட் புத்தகம் இல்லை. என் நீல அட்டைப் புத்தகத்தில் இருந்த கோடு மாதிரிதான் அதுவும்.

இறக்கிவிட வழி உண்டா என்று பாருங்கள்

சங்கத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர எத்தனை கையெழுத்து வேண்டும் என்று சட்டவிதியில் தேடுவோமே, அதே வேலை. ஐரோப்பிய ஆணையத்தை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் கலைக்கலாம். இதுவரை அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியதில்லை. ஆனால் 1999 மார்ச்சில், முறைகேடுகளைப் பற்றி வல்லுநர் குழு அறிக்கை வந்ததும், அந்தத் தீர்மானம் வந்துவிடும் என்ற நிலையில் ஜாக் சந்தேர் தலைமையிலான ஆணையம் மொத்தமாகப் பதவி விலகியது. சுவரில் மாட்டியிருந்தாலும் கத்தி கத்திதான்.

ஏற்றிவிடும் வழி இன்னும் தெளிவாகவில்லை. 2019இல் கட்சிகள் ஆணையத் தலைவர் பதவிக்குத் தங்கள் முதன்மை வேட்பாளர்களை அறிவித்துப் பிரசாரம் செய்தன. தேர்தல் முடிந்ததும் நாட்டுத் தலைவர்கள் கூடி, அந்தப் பட்டியலிலேயே இல்லாத உர்சுலா ஃபொன் டெர் லயனைத் தலைவராக முன்மொழிந்தார்கள். 374 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 383 பெற்று அவர் வந்தார். சட்டப்படி பிழையே இல்லை. ஆனாலும் அந்த வேட்பாளர்களின் முகத்தைப் பார்த்து வாக்களித்தவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் ஒரு கேள்வி எழும். முடிவு நல்லதாக இருந்தால் போதாதா? ஜெர்மன் அறிஞர் ஃபிரிட்ஸ் ஷார்ப் இதைத்தான் இரண்டாகப் பிரித்தார். மக்களின் குரல் உள்ளே போனதால் வரும் தகுதி ஒன்று, மக்களுக்குப் பலன் வந்து சேர்ந்ததால் வரும் தகுதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, வேலை எப்படி நடந்தது என்பதற்கும் ஒரு தகுதி உண்டு என்று விவியன் ஷ்மிட் சேர்த்தார். சாம்பார் ருசியாக இருப்பது போதாது, அடுப்படி சுத்தமா என்றும் பார்க்கச் சொல்கிறார் என்று பிள்ளைகளுக்கு விளக்குவேன். ஒன்றியத்தின் ஜனநாயகக் குறைபாட்டை மிகைப்படுத்துகிறார்கள், நாட்டு அரசுகளின் பிடி ஒன்றியத்தின்மேல் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று வாதிட்ட ஆண்ட்ரூ மொராவ்சிக் போன்றவர்களும் உண்டு. அதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புவேன்.

வேலிக்கு வெளியே நிற்பவருக்கு

அத்தான் அந்த 552இலும் இல்லை, 44இலும் இல்லை. காட்டைக் காப்பது நியாயமான நோக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விதியின் பாரம் வந்து இறங்கும் தோளில் ஒன்று நிபோங் திபாலில் இருக்கிறது, அந்தத் தோளுக்கு வாக்கு இல்லை. உண்மையில் சட்டம் பிடிப்பது ஐரோப்பிய இறக்குமதியாளரை. அவர் ஆலையைக் கேட்க, ஆலை டீலரைக் கேட்க, டீலர் அத்தானைக் கேட்கிறார்.

இப்படி வெளியே நிற்பவருக்கும் ஒரு சின்னக் கதவு உண்டு. ஆணையம் சட்ட வரைவுகளை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்கும்போது, எந்த நாட்டவரும் பதிவு செய்துகொண்டு எழுதலாம். ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் 24. அதில் மலாயும் இல்லை, தமிழும் இல்லை. ஆறு ஏக்கர்காரர் வேலை முடிந்து வந்து அதைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அவர் குரல் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் அது நம் அரசின் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே நூலை இப்போது நம் பக்கம் பிடித்து வாருங்கள்.

நம் வீட்டுப் பக்கம்

ஆசியான் 1967இல் பேங்காக்கில் தொடங்கியது. 2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் திமோர் லெஸ்தே சேர்ந்ததோடு நாடுகள் 11. இங்கே எடை பார்க்க வாக்கே கிடையாது. 2008இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனப்படி முடிவுகள் கலந்து பேசி ஒருமித்த கருத்தில் எடுக்கப்படுகின்றன. எல்லாரும் தலையாட்டினால்தான் முடிவு என்பதால் எந்த நாட்டின் மேலும் எதையும் திணிக்க முடியாது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த மேசைக்கு வரும் தகுதி முழுக்க அவரவர் நாட்டிலிருந்து வர வேண்டும். 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, யாரை நாட்டின் பிரதிநிதியாக உட்கார வைப்பது என்ற கேள்வி வந்தது. ராணுவத் தலைவரை அந்த அக்டோபர் உச்சநிலை மாநாட்டுக்கு அழைக்கவில்லை. ஆசியானுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றம் இல்லை. உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் கூடும் பேரவை ஒன்று 1977 முதல் இருக்கிறது, அதன் தீர்மானங்கள் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் நம் நூல் முழுவதும் நம் அமைச்சரவை கையில் இருக்கிறது. மலேசியாவில் உடன்படிக்கையில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை, அதற்காக உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றம் போக வேண்டும். 2016 ஜனவரியில் பசிபிக் கூட்டு வணிக உடன்பாட்டுக்காக மக்களவையைச் சிறப்பாகக் கூட்டி விவாதித்து, 127க்கு 84 என்று வாக்கெடுத்தார்கள். கட்டாயமில்லாமல் செய்த நல்ல காரியம் அது. அதுவே கட்டாயமாகியிருக்க வேண்டும்.

டென்மார்க்கில் 1973 முதல் இருக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் எல்லாரையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்றிய மன்றத்தில் முக்கியமான பேச்சுக்குப் போகும் அமைச்சர், முதலில் தம் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, இன்னது பேசப் போகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பெரும்பான்மை எதிர்த்தால் அந்த நிலைப்பாட்டோடு போக முடியாது. எங்கள் பேராளர்களுக்கு நாங்கள் அன்றே அப்படி ஒரு கட்டளை எழுதிக் கொடுத்திருந்தால் சந்தா விஷயம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு அப்பா நினைவு வரும். 1951இல் மலாயாவிலேயே முதலாவதாக நகராட்சித் தேர்தல் நடந்த ஊர் எங்கள் ஜோர்ஜ்டவுன். அப்பா அந்தத் தேர்தல்களில் வாக்களித்தவர். 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பிரஸ்ஸல்ஸில் நூல் எங்கே அறுந்தது என்று தேடும் கண், நம் வாசல் சாக்கடையை யார் பொறுப்பில் விட்டிருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடிதம் எழுதுங்கள்

கடைசி வேலை இதுதான், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் எம்பிக்கு எழுதுங்கள். மக்களவையில் எம்பி கேட்கும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவையின் அதிகாரப்பூர்வ அறிக்கையில் ஏறும், யாரும் எடுத்துப் படிக்கலாம். நாம் தேடிக்கொண்டிருந்த மினிட் புத்தகம் அதுவே. "இந்த விதி அநியாயம்" என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும், பதில் கிடைக்காது. தேதியும் பெயரும் கேட்டு எழுதுங்கள்.

அத்தானுக்காக நாங்கள் எழுதியவை மூன்று. காடழிப்பு விதி பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தோடு நம் அரசு பேசிய தேதிகள் எவை, போனவர்கள் யார்? சிறுதோட்டக்காரர்கள் சார்பில் யாரைக் கலந்துகொண்டார்கள்? அடுத்த பேச்சுக்குப் போகும் முன், அமைச்சர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் தம் நிலைப்பாட்டைச் சொல்வாரா?

பாரத்தையும் பக்கத்திலேயே வைத்து நிரப்பினோம். நான்கு ஹெக்டேருக்கு மேற்படாத நிலத்துக்கு எல்லை முழுவதையும் வரைய வேண்டியதில்லை, ஒரு புள்ளி போதும். அத்தான் மறுநாள் தோட்டத்தின் நடுவில் போய் நின்று, போனில் வரைபடத்தை அழுத்திப் பிடித்து, வந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பினார். 5இல் தொடங்கும் எண் ஒன்று, 100இல் தொடங்கும் எண் ஒன்று. நீலப் பேனாவில் கட்டத்துக்குள் எழுதினேன்.

எம்பிக்கான கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டதும், கீழே கொஞ்சம் இடம் மீதி இருந்தது. அங்கே "வழிமொழிபவர்" என்று எழுதி, கோடு கிழித்து, அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டேன்.